வெள்ளை டியூப் வாங்க வேண்டாம் அத்தை

குழு: நம்ம வீடு

ஞாயிறு

செல்வி அத்தை: பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தோம். ரேடியல் ரோட்டு ஓரத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம். நீலத் தாழைக்கோழி மட்டும் இருபதுக்கு மேல் எண்ணினேன். இதோ நான் வாட்டர்கலரில் வரைந்த மடையான். 📷

கணேசன்: மடையான்னா நம் வயலில் நிற்கும் குருட்டுக் கொக்குதானே செல்வி?

செல்வி அத்தை: அதேதான் அண்ணா. நிற்கும்போது சேற்று நிறம், பறந்தால் முழு வெள்ளை! சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், வரைய உட்கார்ந்தபோதுதான் இது கண்ணில் பட்டது.

கயல்: கழுத்துக் கோடுகள் அப்படியே இருக்கு அத்தை. ஆனால் சுற்றிக் கறுப்பாக வரி போட்டிருப்பதுதான் அதைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு. அதை விட்டுவிடுங்கள்.

செவ்வாய்

செல்வி அத்தை: வெளியே மழை. வீட்டிலேயே நாரை போட்டுப் பழகினேன். வெள்ளை வரவே இல்லை, நீலத்தின் மேல் வைத்தால் சுண்ணாம்பு மாதிரி ஆகிறது. நல்ல வெள்ளை டியூப் எது கயல்?

கயல்: வெள்ளை டியூப் வாங்க வேண்டாம் அத்தை. வாட்டர்கலரில் காகிதம்தான் வெள்ளை. பறவையைத் தொடாமல் விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் தண்ணீர், இலை எல்லாம் போடுங்கள். நாரை தானாக வெளியே வரும். வயிற்றுக்கு அடியில் நிழல் மட்டும் வேண்டும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் நல்ல சாம்பல் கிடைக்கும், நிறையத் தண்ணீர் விட்டு ஒரே இழுப்பு. காயும்வரை தொடக்கூடாது! 300 ஜிஎஸ்எம் என்று போட்ட கனமான காகிதம் என்றால் அதிகம் நெளியாது.

புதன்

செல்வி அத்தை: வேடந்தாங்கல்! ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரமெல்லாம் கூடு. கூழைக்கடா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நத்தை குத்தி நாரை. மஞ்சள் மூக்கு நாரைதான் அதிகம்.

கார்த்தி: நத்தை குத்தியின் அலகு நடுவில் ஒட்டாமல் இடைவெளி தெரிந்ததா அத்தை? குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும்.

செல்வி அத்தை: தெரிந்தது கார்த்தி. ஆனால் என்னை அசைய விடாமல் செய்தது வேறு. பதினொரு மணி வெயிலில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை கூட்டின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு அப்படியே நின்றது. குஞ்சுகள் அதன் நிழலில். இருபது நிமிடம் பார்த்தேன், மடக்கவே இல்லை. அதைத்தான் வரைந்தேன், கயல் சொன்ன மாதிரி காகிதத்தை விட்டு. 📷

கயல்: அத்தை!! இதுதான். அந்த இறக்கையில் நீங்கள் வெள்ளை எதுவும் வைக்கவில்லை, ஆனால் வெயில் தெரிகிறது. முதுகுப் பக்கத்து ரோஸ் நிறத்தை ஈரத்திலேயே கரைய விட்டது ரொம்பச் சரி.

கணேசன்: அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அவர் பிறந்த ஊர் அந்தப் பக்கம்தானே. "எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது, பறவை பயந்து போய்விடும் என்பார் அப்பா" என்றார். ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்குத் தனியாக எரு தேவைப்படவில்லையாம்.

கார்த்தி: பாட்டி சொல்வது சரிதான். எச்சம் விழுந்த தண்ணீர்தான் உரம். துப்பாக்கிக்காரர்கள் பறவைகளைச் சுட்டதால் ஊர்க்காரர்களே கேட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பாதுகாக்கும் உரிமையை எழுதி வாங்கியிருக்கிறார்கள். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் வேடந்தாங்கல் சேர்ந்தது.

வெள்ளி

கார்த்தி: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு தொடங்கியாச்சு. யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் பார்த்து, எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் தளத்தில் பட்டியல் போட வேண்டும். மொட்டை மாடியும் சரிதான்.

செல்வி அத்தை: மாடியில் எண்ணினேன். மைனா 6, காகம் 11, செம்போத்து 1, பனங்காடை 1! பனங்காடை கம்பியில் இருந்து பறந்தபோது அந்த நீலம்... தட்டில் இன்னும் கலந்துகொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை.

கயல்: வெளிர் நீலத்துக்குச் செருலியன் எடுங்கள், அடர்ந்த பட்டைக்கு அல்ட்ராமரின். இரண்டையும் கலக்க வேண்டாம், பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

சனி

கணேசன்: செல்வி, அம்மா நாளைக்கு வேடந்தாங்கல் வருகிறேன் என்கிறார். பைனாகுலர் வேண்டாமாம், நீ வரையும்போது பக்கத்தில் உட்கார வேண்டுமாம்.

செல்வி அத்தை: ஆறு மணிக்கு வண்டியோடு வாசலில் இருப்பேன் அண்ணா. அம்மாவுக்கு மடக்கு நாற்காலியும் தொப்பியும் எடுத்து வை. காகிதம் இரண்டாக எடுத்துக்கொள்கிறேன்.