டிபி மாத்திரை தொடங்கியதிலிருந்து மெத்தடோன் ஒரு நாள் தாங்கவில்லை

ஊர் ரங்கூன். ஆண், வயது 34. ஹெராயின் ஊசியை விட்டு, அதற்கு மாற்று மருந்தான மெத்தடோனில் இருக்கிறார். தினம் காலை 80 மில்லிகிராம், மையத்தில் நர்ஸ் முன்னால்தான் குடிக்கணும். நிலையாக இருந்தவர். போன மாதம் நுரையீரல் டிபிக்கு நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை தொடங்கினார்கள், இரண்டாவது வாரத்திலிருந்து சிக்கல்.

காலையில் குடித்தது மதியம் வரைதான் நிற்கிறது. மூன்று மணிக்குக் கொட்டாவி, மூக்கில் தண்ணீர். ராத்திரி வயிற்றைப் பிடித்து இழுக்கிறது, கால் உதறல், கைலி வியர்வையில் நனைந்துவிடுகிறது. காரணம் தெரியும்: டிபி மாத்திரையில் உள்ள ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு மெத்தடோனைச் சீக்கிரம் தீர்த்துவிடுகிறது. வீட்டில் 'திரும்ப ஊசி போடுகிறான்' என்கிறார்கள், அதுதான் கொடுமை. ஹெராயின் போட்டால் சிறுநீரில் மார்ஃபின் தெரியும், பரிசோதனையில் அது இல்லை.

டோஸைப் பத்துப் பத்தாக 100 வரை ஏற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் ஓரிரு நாள் நிம்மதி, பிறகு பழையபடி. ஈசிஜி சரியாக இருக்கிறது. எச்ஐவி இல்லை, அதனால் மெத்தடோனை இதேபோல் தீர்த்துவிடும் எச்ஐவி மருந்தான எஃபாவிரன்ஸ் மேல் பழி போட முடியாது. ரிஃபாம்பிசினுக்குப் பதிலாக, மெத்தடோனை அவ்வளவு தீர்க்காத ரிஃபாபியூட்டின் கேட்டோம், கிடைக்கவில்லை. தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம், மெத்தடோனோடு சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும். டிபி மாத்திரையை நிறுத்தும் பேச்சும் இல்லை, ஆறு மாதம் முடிக்கணும்.

காலை, மாலை என்று பிரித்துக் குடித்தால் தாங்கலாம். மாலை டோஸை வீட்டுக்குத் தர மையம் மறுக்கிறது.

பர்மாவில் டிபி சிகிச்சையின்போது இப்படிப் பிரித்து வாங்கியவர்கள் இருந்தால், யாரிடம், என்ன கடிதத்தோடு கேட்டு வாங்கினீர்கள்?