டெக்ஸஸ்ல கவுன்சிலர் லைசென்ஸ்: சைக்காலஜி முடிச்சிட்டு எச்4ல வந்தவங்க எங்க இருந்து ஆரம்பிக்கணும்?

எல்லாருக்கும் வணக்கம். சென்னைல எம்.எஸ்சி கவுன்சிலிங் சைக்காலஜி முடிச்சிட்டு ஒரு ஸ்கூல்லயும் அப்புறம் ஒரு கிளினிக்லயும் கவுன்சிலரா இருந்தேன். கல்யாணமாகி இப்போ டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோல இருக்கேன், எச்4 விசா (எச்1பி விசால வேலை பாக்குறவரோட மனைவிக்குக் குடுக்குறது). இங்க கவுன்சிலரா வேலை பார்க்கணும்னா திரும்ப முதல்ல இருந்து படிக்கணுமா? இந்த ரூட்ல போனவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. வீட்டுக்காரரை ப்ராஜெக்ட்டைப் பொறுத்து நியூ ஜெர்சிக்கோ கலிஃபோர்னியாவுக்கோ மாத்தினாலும் மாத்துவாங்க.

பதில்:

உங்க கேள்வில கடைசி வரிதான் மா ரொம்ப முக்கியம், அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன். நான் டெக்ஸஸ்ல எல்பிசி (லைசென்ஸ்டு ப்ரொஃபஷனல் கவுன்சிலர்), இங்கேயே அசோசியேட்டா இருந்து மணிக்கணக்கு முடிச்சு வந்தவ. இந்த ஊர்ல கவுன்சிலர் லைசென்ஸ்ங்கிறது அமெரிக்கா முழுசுக்கும் ஒண்ணு கிடையாது, அந்தந்த மாநிலம் குடுக்குறது. 1976ல வர்ஜீனியா முதல்ல சட்டம் போட்டுச்சு, கடைசியா கலிஃபோர்னியா 2009லதான் போட்டுச்சு, நடுவுல ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டத்துக்கு ஒரு பேரு ஒரு கணக்குன்னு வச்சுக்கிட்டாங்க. மாஸ்டர்ஸ் முடிச்சு சூப்பர்விஷன்ல இருக்குறவங்களுக்கு டெக்ஸஸ்ல எல்பிசி அசோசியேட்னு பேரு, நியூ ஜெர்சில எல்ஏசி, கலிஃபோர்னியால ஏபிசிசி, வர்ஜீனியால ரெசிடென்ட். முழு லைசென்ஸுக்கு சூப்பர்விஷன்ல வேலை பாக்க வேண்டிய மணி நேரம் பாத்தீங்கன்னா டெக்ஸஸ் 3,000, வர்ஜீனியா 3,400, நியூ ஜெர்சில 4,500 (மாஸ்டர்ஸுக்கு மேல இன்னும் 30 கிரெடிட் படிச்சா அது 3,000 ஆகும்). கலிஃபோர்னியாவும் 3,000தான், ஆனா அதை 104 வாரத்துக்குக் குறையாம பரப்பி முடிக்கணும், அதுபோக அந்த ஊரு சட்டத்துக்குன்னே தனியா ஒரு எக்ஸாம்.

ஏன் இவ்ளோ பிடிவாதமா தனித்தனியா வச்சிருக்காங்கன்னு கோவம் வரும், ஆனா காரணமும் இருக்கு. ஒரு கிளையன்ட் உங்க முன்னாடி உக்காந்து இன்னாரை நான் கொல்லப்போறேன்னு சொன்னா, 1976ல வந்த டாரசாஃப் தீர்ப்பால கலிஃபோர்னியால அந்த இன்னாரைக் காப்பாத்துற பொறுப்பு உங்க மேல விழும். டெக்ஸஸ்ல சுப்ரீம் கோர்ட் 1999ல தாப்பர் வழக்குல அந்த பொறுப்பை ஏத்துக்கல, இங்க நீங்க போலீஸுக்கோ மருத்துவ ஆளுங்களுக்கோ சொல்லலாம்னுதான் சட்டம் அனுமதிக்குது. அதே நாற்காலி, அதே வார்த்தை, மாநிலம் மாறினா நீங்க செய்ய வேண்டியது மாறுது. அதனாலதான் டெக்ஸஸ்ல ஜூரிஸ்ப்ரூடன்ஸ் எக்ஸாம்னு ஒண்ணு இருக்கு, அதை சும்மா ஃபார்மாலிட்டின்னு தள்ளிட்டுப் போயிடாதீங்க, ஒவ்வொரு கேள்வியும் நாளைக்கு உங்க ரூம்ல நடக்கப்போறது.

ஆக வீட்ல முதல்ல உக்காந்து பேசுங்க, அடுத்த நாலு அஞ்சு வருஷம் எந்த மாநிலம்னு. அசோசியேட் நிலைல பாதில மாறுறதுதான் ரொம்ப வலிக்கும், ஏன்னா நீங்க சேர்த்த மணி நேரத்தை அடுத்த மாநில லைசென்ஸ் போர்டு எவ்ளோ எடுத்துக்கும்ங்கிறது அவங்க ரூல்ஸ் படிதான். கவுன்சிலிங் காம்பாக்ட்னு மாநிலங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருக்கே அதுல போயிடலாமேன்னு சிலர் சொல்றாங்க, அது முழு லைசென்ஸ் வச்சிருக்குறவங்களுக்கு மட்டும்தான், அசோசியேட்டுக்குக் கிடையாது.

இப்போ படிப்பு. டெக்ஸஸ் கேக்குறது 60 செமஸ்டர் ஹவர்ஸ் உள்ள கவுன்சிலிங் மாஸ்டர்ஸ், அதுக்குள்ள 300 மணி நேரம் ப்ராக்டிகம் (படிக்கும்போதே சூப்பர்விஷன்ல பண்ற பயிற்சி), அதுலயும் 100 மணி நேரமாவது நேரடியா கிளையன்ட்கூட இருந்திருக்கணும். நம்ம ஊரு மார்க்ஷீட்ல கிரெடிட் 70, 80னு போட்டிருந்தாலும் அது இங்க இருக்குற செமஸ்டர் ஹவர் கிடையாது. வெளிநாட்டு டிகிரியை மதிப்பிடுற டபிள்யூஇஎஸ், இசிஇ மாதிரி இடத்துல கோர்ஸ் பை கோர்ஸ் இவால்யுவேஷன் வாங்கி பாத்தாதான் எவ்ளோ தேறும்னு தெரியும். உண்மையைச் சொல்லிடறேன், நம்ம ஊரு ரெண்டு வருஷ எம்.எஸ்சியை வச்சு நேரா அப்ளை பண்ணி உள்ள போறது கஷ்டம். படிச்சது மட்டம்னு அர்த்தம் இல்ல. நம்ம சிலபஸ்ல இங்க கேக்குற சில பேப்பர்ஸ் தனியா இருக்காது, கரியர் கவுன்சிலிங், அடிக்‌ஷன், எதிக்ஸ் மாதிரி, அப்புறம் ப்ராக்டிகம் பண்ணினதுக்கு கையெழுத்தோட மணிக்கணக்கு பேப்பர் பல காலேஜ்ல குடுக்குறதே இல்ல. நீங்க வேலை பார்த்த அனுபவம் உங்களுக்குள்ள இருக்கும், கிளையன்ட் முன்னாடி அது தெரியவும் செய்யும், ஆனா போர்டு கணக்குல அது ஏறாது.

அதனால இந்த வாரமே ஊர்ல இருக்குற அம்மா, தம்பி யாரையாவது காலேஜுக்கு அனுப்பி ஒவ்வொரு பேப்பருக்கும் விரிவான சிலபஸ், சீல் வச்ச டிரான்ஸ்கிரிப்ட், ஃபீல்டு வொர்க் எங்க எத்தனை மணி நேரம்னு டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட்ல ஒரு கடிதம், மூணையும் வாங்கச் சொல்லுங்க. எச்ஓடி ரிட்டயர் ஆகிட்டாங்கன்னா அந்த கடிதம் வாங்குறதுக்குள்ள உயிர் போயிடும்.

திரும்ப மாஸ்டர்ஸ் சேர்றதா முடிவு பண்ணினா கேக்ரெப் (கவுன்சிலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) அங்கீகாரம் உள்ள ப்ரோக்ராமா பாருங்க. 60 செமஸ்டர் ஹவர்ஸ், 100 மணி ப்ராக்டிகம், 600 மணி இன்டர்ன்ஷிப் அதுல 240 மணி நேரடி, இது அதுக்குள்ளேயே அடங்கிடும், மாநிலம் மாறினாலும் இதை வச்சு பேசுறது சுலபம். ஃபீஸ் கம்மின்னு அங்கீகாரம் இல்லாத ஆன்லைன் கோர்ஸ்ல தயவுசெஞ்சு சேராதீங்க.

விசா பத்தி ஒரு வார்த்தை. எச்4ல ஃபுல் டைம் படிக்கலாம், அதுல சிக்கல் இல்ல. ஆனா வேலைக்கு ஈஏடி (வேலை பாக்குற அனுமதி அட்டை) வேணும், அது 2015ல வந்த ரூல் படி உங்க வீட்டுக்காரருக்கு ஐ140 (கம்பெனி போடுற கிரீன் கார்டு மனு) அப்ரூவ் ஆகியிருந்தாதான் (இல்லன்னா எச்1பில ஆறு வருஷம் தாண்டி எக்ஸ்டென்ஷன்ல இருக்குறவங்களுக்கு). எல்2 (கம்பெனி மாத்தி அனுப்பி எல்1 விசால வந்தவரோட) மனைவின்னா 2021 நவம்பர்ல இருந்து தனி ஈஏடி இல்லாமலே வேலை பார்க்கலாம், அவங்களுக்கு வழி சுலபம். எஃப்1க்கு (ஸ்டூடன்ட் விசா) மாறி படிக்கலாம்னு யோசிச்சா இந்த கணக்கைப் பாருங்க: இந்த படிப்பு ஸ்டெம் (அறிவியல், டெக்னாலஜி படிப்புகள்) லிஸ்ட்ல வராது, அதனால ஓபிடி (படிச்சு முடிச்சதும் வேலை பாக்குற அனுமதி) 12 மாசம்தான், ஆனா டெக்ஸஸ்ல அசோசியேட் காலம் எவ்ளோ வேகமா ஓடினாலும் 18 மாசத்துக்குக் குறைய முடிக்க முடியாது. நடுவுல ஆறு மாசம் தொங்கும். ஐ140 எப்போ வரும்னு கேட்டுட்டு, அது வர்ற நேரமும் உங்க படிப்பு முடியுற நேரமும் ஒட்டி வர்ற மாதிரி ப்ளான் பண்ணுங்க. சம்பளம் வாங்காம பண்ணினா அது வேலையில்லன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்த இடத்துக்கு வழக்கமா காசு குடுத்து ஆள் வைப்பாங்கன்னா இமிக்ரேஷன் பார்வைல அது வேலைதான். அட்டர்னிகிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

எக்ஸாம்ல டெக்ஸஸ் என்சிஇ, என்சிஎம்எச்சிஇ ரெண்டுல எதை எழுதினாலும் ஏத்துக்கும். என்சிஇ 200 கேள்வி, அதுல 160க்குதான் மார்க். என்சிஎம்எச்சிஇல 11 கேஸ் ஸ்டடி. பொதுவா எல்லாரும் என்சிஇதான் எழுதுவாங்க, ஆனா கலிஃபோர்னியா போற வாய்ப்பு இருக்குன்னு சொல்றீங்க, அங்க கேக்குறது என்சிஎம்எச்சிஇ, அதனால உங்க நிலைமைல நான் அதையே எழுதச் சொல்வேன்.

கேள்வி:

அக்கா ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா யாருமே சொன்னதில்ல. நானும் இதே ரூட்தான், மாஸ்டர்ஸ் அடுத்த மாசம் முடியுது, ஈஏடி இருக்கு, ரெண்டு வயசு பாப்பா வேற. 3,000 மணி நேரத்தை பார்ட் டைமா பண்ண முடியுமா? சூப்பர்வைசரை எப்படி தேர்ந்தெடுக்குறது?

பதில்:

தாராளமா முடியும் டா. 3,000ல 1,500 நேரடி கிளையன்ட் நேரம், மீதி நோட்ஸ் எழுதுறது, ட்ரீட்மென்ட் ப்ளான், சூப்பர்விஷன் எல்லாம் சேர்ந்தது. 18 மாசத்துல முடிக்கணும்னா வாரம் 38, 39 மணி நேரம் வரும், அதுல 19, 20 செஷன். சின்ன குழந்தையை வச்சுக்கிட்டு அது வேண்டாம். வாரம் 20 மணி நேரம், அதுல பத்து செஷன்னு வச்சா மூணு வருஷம் சொச்சத்துல முடிஞ்சிடும். அசோசியேட் லைசென்ஸ் 60 மாசத்துக்கு செல்லும், அதனால வாரம் 12 மணிக்குக் கீழ மட்டும் போயிடாம பாத்துக்கோ. வர்றேன்னு சொல்லிட்டு வராத கிளையன்ட்டுக்காக நீ காத்திருந்த நேரம் நேரடி கணக்குல வராது, அதனால பத்து வேணும்னா பன்னெண்டு பதிமூணு அப்பாயின்ட்மென்ட் போடணும்.

ஒண்ணை கெட்டியா புடிச்சுக்கோ: படிப்பு முடிஞ்ச பிறகு, லைசென்ஸ் உன் கைக்கு வந்து, சூப்பர்வைசர் பேரு போர்டுல பதிவான நாளுக்கு முன்னாடி நீ பாத்த ஒரு மணி நேரம் கூட கணக்குல சேராது. ஃபிங்கர்ப்ரின்ட், ஜூரிஸ்ப்ரூடன்ஸ் எக்ஸாம், சூப்பர்வைசர் கையெழுத்து போட்ட ஃபார்ம், எல்லாம் இப்பவே ரெடி பண்ணி வை. நடுவுல சூப்பர்வைசர் விலகிட்டாங்கன்னா அடுத்தவங்க பேரு பதிவாகுற வரைக்கும் கிளையன்ட் பாக்கக் கூடாது. ஒரே நேரத்துல ரெண்டு சூப்பர்வைசர் வச்சுக்க டெக்ஸஸ் அனுமதிக்குது, முடிஞ்சா வச்சுக்கோ, ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாம போனாலும் நீ நிக்க மாட்டே.

மாசம் குறைஞ்சது நாலு மணி நேரம் சூப்பர்விஷன், அதுல பாதிக்கு மேல குரூப்பா இருக்கக் கூடாது. சூப்பர்வைசர்னா சும்மா சீனியர் இல்ல, பேருக்குப் பின்னாடி எல்பிசி எஸ்னு இருக்கணும், அஞ்சு வருஷம் எல்பிசியா இருந்து அதுக்குன்னு தனியா டிரெய்னிங் எடுத்தவங்க. சில ஏஜென்சில வேலைக்குச் சேர்ந்தா சூப்பர்விஷன் இலவசமா வரும், வெளில தேடினா மாசா மாசம் நாமதான் காசு குடுக்கணும். காசு குடுத்தாலும் பரவால்ல, நல்லவங்களா பாரு, இந்த இடத்துல கஞ்சத்தனம் பண்ணாத.

நல்லவங்கன்னா யாரு? உன் செஷன் ரெக்கார்டிங்கை உக்காந்து கேக்குறவங்க (கிளையன்ட் எழுத்துல சம்மதம் குடுத்த பிறகுதான், அது வேற விஷயம்). என் சூப்பர்வைசர் ஒரு இடத்துல வீடியோவை நிறுத்தி, அவங்க அழ ஆரம்பிச்சதும் நீ ஏன் டிஷ்யூ பாக்ஸை நகத்தின, போதும் அழுதது நிறுத்துன்னு சொல்ற மாதிரி இருக்குன்னாங்க. அதைப் பார்த்த பிறகு என் கை எங்க போகுதுன்னு நான் கவனிக்காத செஷன் கிடையாது. நம்ம ஆளுங்ககிட்ட வேற ஒரு பழக்கமும் உண்டு, அஞ்சு நிமிஷம் கேட்டதும் சரி விடுங்க, குழந்தைக்காக அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு வாய்ல வந்துடும். அதைத் தட்டிக் கேக்குற ஆள் வேணும்.

தமிழ் கிளையன்ட்ஸ் உனக்கு நிறைய வருவாங்க, தாய்மொழில பேசணும்னு ஏங்கிக்கிட்டு இருக்குறவங்க அவ்ளோ பேர் இருக்காங்க. ஆனா இந்த ஊர் தமிழ்ச் சமூகம் சின்னது. செஷன்ல மாமியார் பத்தி அழுத அக்காவை ஞாயித்துக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசல்ல பாப்பே, அவங்க பையனும் உன் பாப்பாவும் ஒரே கிளாஸ்ல இருப்பாங்க. வெளில பாத்தா நானா வந்து பேச மாட்டேன், நீங்க பேசினா பேசுவேன்னு முதல் செஷன்லயே சொல்லிடு. ஏற்கனவே வீட்டுக்கு வந்து போற பழக்கம் உள்ளவங்களை எடுக்கவே எடுக்காத, வேற ஒருத்தர்கிட்ட அனுப்பு. சூப்பர்வைசர் தமிழா இருக்கணும்னு அவசியமே இல்ல, ஆனா ஊர் முழுக்க சொந்தக்காரங்க மாதிரி பழகுற சமூகத்துல கிளையன்ட் பாத்த அனுபவம் இருக்கான்னு முதல் சந்திப்புலயே கேளு.

இன்னொண்ணு, உன் பேரு வர்ற எல்லா இடத்துலயும், விசிட்டிங் கார்டு, வெப்சைட், பில், இன்ஸ்டா பக்கம் உட்பட, இன்னாரோட சூப்பர்விஷன்லன்னு சூப்பர்வைசர் பேரோட போடணும். சைக்காலஜிஸ்ட்னு மட்டும் எங்கயும் போட்டுடாத, அது தனி லைசென்ஸ்.

கேள்வி:

எனக்கு ஈஏடி இன்னும் வரல. ஊர்ல இருக்குற பழைய கிளையன்ட்ஸை ஜூம்ல பாக்கலாமா, காசு இந்தியா அக்கவுன்ட்லதானே வருது? அப்புறம் என் நாத்தனார் எம்எஸ்டபிள்யூ முடிச்சிருக்காங்க, அவங்களுக்கும் இதே ரூட்தானா?

பதில்:

காசு எங்க வருதுங்கிறது பேச்சே இல்ல மா, நீங்க எங்க உக்காந்து வேலை பாக்குறீங்கங்கிறதுதான். ஈஏடி இல்லாம அதைத் தொடாதீங்க, நாளைக்கு கிரீன் கார்டு நேரத்துல வந்து நிக்கும். லைசென்ஸ் வந்த பிறகும் ஆன்லைன்ல ஒரு கட்டுப்பாடு இருக்கு, செஷன் நேரத்துல கிளையன்ட் எந்த மாநிலத்துல இருக்காங்களோ அந்த மாநில லைசென்ஸ் வேணும். இங்க டெக்ஸஸ்ல ப்ளானோல இருக்குற உங்க கிளையன்ட் லீவுக்கு நியூ ஜெர்சி எடிசனுக்குப் போயிருந்தாங்கன்னா, அந்த வாரம் அங்க என்ன ரூல்னு பாக்காம ஜூம் லிங்க் அனுப்பாதீங்க. லைஃப் கோச்னு போர்டு மாட்டிக்கிட்டு டிப்ரெஷன், ட்ராமாக்கு செஷன் எடுக்குறவங்க நம்ம ஆளுங்கள்லயும் இருக்காங்க. ரொம்ப மோசமான நிலைமைல ஒருத்தர் வந்து உக்காந்தா அவங்களுக்குப் பின்னாடி கேள்வி கேக்க ஒரு சூப்பர்வைசரோ போர்டோ கிடையாது. கிளையன்ட் பக்கம் நின்னு யோசிச்சா எனக்கு அது மனசு ஒப்பவே இல்ல.

நாத்தனாருக்கு இது ரூட்டே இல்ல. எம்எஸ்டபிள்யூ முடிச்சவங்க சோஷியல் வொர்க் லைசென்ஸ் பக்கம் போகணும். சிஎஸ்டபிள்யூஇனு ஒரு அமைப்பு வெளிநாட்டு எம்எஸ்டபிள்யூவை மதிப்பிட்டு சமம்னு சான்று குடுக்குது, அது கிடைச்சா திரும்ப மாஸ்டர்ஸ் படிக்காம எல்எம்எஸ்டபிள்யூங்கிற அந்த லைசென்ஸுக்கு ஏஎஸ்டபிள்யூபி எக்ஸாம் எழுதலாம். அங்கயும் ஃபீல்டு வொர்க் மணிக்கணக்கு கேப்பாங்க, அதனால நீங்க காலேஜுக்கு ஆள் அனுப்புறப்போ அவங்க காலேஜுக்கும் சேர்த்து அனுப்பிடுங்க.