ஐபோனில் ஓடிபி பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகிறது

கேள்வி: என் வலைப்பக்கத்தில் ஓடிபிக்கு ஆறு தனிப் பெட்டிகள், டைப் நம்பர் (எண் மட்டும் ஏற்கும் வகை), மேக்ஸ்லெங்த் (எழுத்து எண்ணிக்கை வரம்பு) 1. ஐபோனின் சஃபாரி பிரவுசரில் தொட்டதும் ஜூம் ஆகிறது. பேஸ்ட் செய்தால் ஆறு இலக்கமும் முதல் பெட்டியிலேயே விழுகின்றன. என்ன செய்யலாம்?

பதில் 1: பெட்டியின் எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் கீழே இருந்தால் சஃபாரி தானாக ஜூம் செய்யும். 16 ஆக்குங்கள், போதும். வியூபோர்ட்டில் (பக்கம் திரையில் எந்த அளவில் தெரியும் என்று சொல்லும் வரி) மேக்ஸிமம்-ஸ்கேல் 1 போட்டு ஜூமையே அடைக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் பார்வை குறைந்தவர்கள் விரலால் பெரிதாக்க முடியாமல் போகும்.

பதில் 2: டைப் நம்பரில் மேக்ஸ்லெங்த் செல்லாது, ஆறு இலக்கமும் முதல் பெட்டியில் விழ அதுதான் காரணம். ஆறு பெட்டி எதற்குங்க, அழகுக்குத்தானே? ஒரே பெட்டி வைத்து லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு இடையே இடம்) கொடுங்கள். டைப் டெக்ஸ்ட், எண் கீபோர்டு வர இன்புட்மோட் நியூமெரிக், ஓடிபி தானாக நிரம்ப ஆட்டோகம்ப்ளீட் ஒன்-டைம்-கோட். எஸ்எம்எஸ்ஸில் வந்த எண்ணை ஐபோன் கீபோர்டுக்கு மேலேயே காட்டும்.

பதில் 3: அந்த ஒரே பெட்டியில் மேக்ஸ்லெங்த் 6 போட்டால், "123 456" என்று இடைவெளியோடு பேஸ்ட் செய்கையில் கடைசி இலக்கம் வெட்டுப்படும். நீளத்தைத் தளர்த்தி, இடைவெளியை ஸ்கிரிப்டில் நீக்குங்கள்.