ஃபெல்ட்ஸ்பார் மட்டும் போதுமா, ஆர்செட்டும் வேண்டுமா?

கண்டல்கரை:
முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் தரைமட்டம் கடல்மட்டத்துக்கு ஈடுகொடுத்து உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வெண்கண்டல், மூச்சுவேர் அடர்த்தி. ஃபெல்ட்ஸ்பார் என்ற வெள்ளைக் கனிமத் தூளை 50 செ.மீ. சதுரத்தில் பரப்பி, மேலே படியும் வண்டலை ஆண்டுதோறும் அளந்தால் போதாதா? ஆர்செட் (RSET: ஆழமாக அடித்த கம்பியை ஆதாரமாக வைத்துத் தரைமட்ட உயர்வை அளக்கும் கருவி) செலவு அதிகமாக இருக்கிறது.

வண்டல்மேடு:
போதாது. மேலே எவ்வளவு படிந்தது என்பதை மட்டுமே ஃபெல்ட்ஸ்பார் காட்டும். அடியில் சேறு அமுங்குவதும் வேர் மட்குவதும் அதில் தெரியாது. மேலே 7 மி.மீ. படிந்து தரைமட்டம் 3 மி.மீ.தான் உயர்ந்தது என்றால், மிச்சம் 4 மி.மீ. அடியில் அமுங்கிவிட்டது. அந்த 7-ஐ மட்டும் பார்த்து ‘காடு தப்பித்தது’ என்று அறிக்கை எழுதினால் பெரிய தவறு. அதுவும் காவிரி வண்டல் அணைகளில் தங்கிவிடும் டெல்டாவில்.

ஆர்செட்டுக்கு 1.2 மீட்டர் எவர்சில்வர் கம்பிகளை ஒன்றோடொன்று திருகி, இனி இறங்காது என்னும் வரை அடிக்க வேண்டும். டெல்டாச் சேறு ஆழமானது. கம்பி கூடுதலாகவே வாங்குங்கள். தலையில் பிவிசி குழாய் வைத்து, சிமென்ட் கொட்டி, அளவுக் கை மாட்டும் ரிசீவரை நிறுத்துங்கள். அளவுக் கையை மாட்டி ரசமட்டம் பார்த்து, 4 திசைகளில் 9 ஊசிகள்: மொத்தம் 36 அளவுகள்.

நண்டுவளை:
கோளாறு வருவது ஊசி முனையில்தான். சேற்றின் மேல்தோலைத் தொட்டதும் நிறுத்துங்கள்; 5 மி.மீ. புதைந்தாலே ஓராண்டு உயர்வைவிடப் பெரிய பிழை. நண்டு வளைக்குள் இறங்கிய ஊசி, மூச்சுவேர் மேல் உட்கார்ந்த ஊசி எது என்று அப்போதே குறித்து, கணக்கில் சேர்க்காதீர்கள். சருகை விரலால் ஒதுக்கலாம். கூடியவரை ஒரே ஆள் அளக்கட்டும். முதல் கம்பி இறங்கும் முன்பே நடைபலகை போட்டாக வேண்டும். ஒரு கால் தடம் பட்டால் அந்தத் திசை அளவு கெட்டது.

கண்டல்கரை:
நண்டு கிளறி வெள்ளைப் படுகை கலைந்துபோனால்? எந்த மாதம் அளப்பது?

வண்டல்மேடு:
ஓர் ஆர்செட்டைச் சுற்றி மூன்று சதுரமாவது போடுங்கள். கத்தியால் சிறு கட்டி வெட்டி எடுத்து, நாலு பக்கமும் அளந்து சராசரி எடுங்கள். வெள்ளைக் கோடு மங்கிய கட்டியை விட்டுவிட்டு வேறு இடத்தில் வெட்டுங்கள், ஊகித்து எழுதாதீர்கள்.

ஆண்டுதோறும் ஒரே மாதம். வடகிழக்கு மழையில் ஊறிய ஜனவரிச் சேறு உப்பியிருக்கும், மே மாதம் வறண்டு சுருங்கும். இரண்டையும் ஒப்பிட்டால் இல்லாத தாழ்வு தெரியும். 5 ஆண்டு அளவு சேரும்வரை போக்கு எதுவும் சொல்ல வேண்டாம். கடல்மட்ட உயர்வின் உலகச் சராசரி 2006–2018-ல் ஆண்டுக்கு 3.7 மி.மீ. என்றாலும், ஒப்பிட வேண்டியது பக்கத்து ஓதமானியின் (கடல்மட்டத்தைப் பதியும் கருவி) நீண்டகாலப் போக்கோடுதான்.