பொத்தானில் எழுத ஒரு சொல்: ‘டெனன்ட் ஆன்போர்டிங்’, ‘ஸ்கேன் ஐடி’

வளவி, செவ்வாய் காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். அவசரக் கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு ஓனர்களுக்கான ஒரு செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். புதிதாகக் குடி வருகிறவரின் அடையாள அட்டையை போன் கேமரா முன் நீட்டினால் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் தானாகப் படிவத்தில் ஏறிவிடும். அடுத்த பக்கத்தில் ஒப்பந்தம் தயார். மொத்தம் 212 சரங்கள், அதாவது திரையில் வரும் வாசகத் துண்டுகள். 210 முடிந்தது. தொண்டையில் சிக்கி நிற்பவை இரண்டு. அந்த வேலை முழுவதற்குமான தலைப்பு, ‘டெனன்ட் ஆன்போர்டிங்’. அப்புறம் பொத்தான், ‘ஸ்கேன் ஐடி’. பொத்தானில் 12 எழுத்துக்கு மேல் போனால் வரி உடைகிறது. வெள்ளிக்கிழமை மாலை அனுப்பியாக வேண்டும்.

என் வரைவில் இப்போது இருப்பவை: ‘வாடகைதாரர் உள்ளேற்றம்’, ‘ஆவணத்தை வருடு’. முதலாவது லாரியில் மூட்டை ஏற்றுவது மாதிரி ஒலிக்கிறது. இரண்டாவதை நேற்று எங்கள் கீழ்வீட்டு அம்மாவிடம் காட்டினேன். மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருப்பவர். அட்டையைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் இரண்டு தடவை தடவிக் கொடுத்துவிட்டு, “தடவிட்டேன், இப்ப என்ன வரும்?” என்றார்.

செம்புலம், செவ்வாய் காலை 9.15

அன்புள்ள வளவி,

அந்த அம்மையார் செய்ததில் பிழையே இல்லை. வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல்தான். கன்றை வருடுகிறோம், குழந்தையின் தலையை வருடுகிறோம். பாடநூல்களில் ஸ்கேனருக்கு ‘வருடி’ இடம்பிடித்துவிட்டது என்பதற்காக அது பொருந்திவிட்டதாகாது.

சரியான சொல் நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாகக் கிடக்கிறது: அலகிடு. யாப்பில் சீரை நேர், நிரை என்று பிரித்துப் பார்ப்பதை அலகிடுதல் என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் கதையும் இதுவே என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். இலத்தீனில் ‘ஸ்காந்தரே’ என்றால் ஏறுதல். பாட்டின் அடியில் அசை அசையாகக் கால்வைத்து ஏறிப் பார்ப்பதற்கு அச்சொல் ஆகி, பிறகு உற்றுநோக்குவதற்கு ஆகி, கடைசியில்தான் கருவிக்கு வந்தது. அவர்கள் செய்யுளிலிருந்து கருவிக்கு வந்தார்கள். நாம் ஏன் வரக்கூடாது?

இன்னும் ஒன்று. அலகிடுதலுக்குப் பெருக்குதல் என்ற பொருளும் உண்டு. ‘புலர்வதன்முன் அலகிட்டு மெழுக்கும் இட்டு’ என்பது அப்பர் வாக்கு. கோயிலில் துடைப்பம் திருவலகு. ஒளிக்கீற்று தாளின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை கூட்டிக்கொண்டே போகிறதே, அதற்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா?

‘வாடகைதாரர்’ என்பதன் வால் பாரசீகம். தலையும் வடமொழி என்பார் உண்டு; அதை நான் ஏற்கவில்லை, தனி மடலில் எழுதுகிறேன். குறள் 340 இருக்கிறது: ‘புக்கில் அமைந்தின்று கொல்லோ உடம்பினுள் துச்சில் இருந்த உயிர்க்கு.’ நிலையாகப் புகுந்து வாழும் வீடு புக்கில். ஒண்டியிருக்கும் இடம் துச்சில். எனவே குடியிருப்பவர் துச்சிலர். ‘துச்சிலர் அலகீடு’ என்று பரிந்துரைக்கிறேன். எழுத்தும் மிச்சம்.

தறிக்காரன், செவ்வாய் மதியம் 1.05

ஐயா, அலகிடு கேக்க நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா எங்க பக்கம் அலகுன்னா கன்னத்துல குத்துற வேல். பொத்தான்ல ‘அலகிடு’ன்னு போட்டா பங்குனி உத்திரத்துக்கு வேண்டிக்கிட்ட மாதிரிதான் இருக்கும். துச்சிலர்னு என்னைய யாராவது கூப்பிட்டா நான் அந்த வீட்டுக்கே குடி போக மாட்டேன்.

சொல்லை விடுங்க, இந்த ஒரு ‘ஸ்கேன்’ல மூணு வேலை ஒளிஞ்சிருக்குது. நான் இதே மாதிரி ஒண்ணுல குப்பை கொட்டியிருக்கேன்.

முதல்ல படம் எடுக்குது. அப்புறம் படத்துல இருக்கிற எழுத்தை வாசிக்குது. தமிழ்ல இங்கதான் சிக்கல். ஜெராக்ஸ் கொஞ்சம் மங்கலா இருந்தாப் போதும், துணைக்காலும் ரகரமும் ஒண்ணாயிடும். னகரம் ணகரத்தைப் பத்திச் சொல்லவே வேண்டாம். திருப்பூர்ல ஓனருங்க கிட்ட வர்ற அட்டையில பாதி ஒடியாவுலயும் இந்தியிலயும் இருக்கும், அங்க இங்கிலீஷ் வரிதான் கதி. பேர் வேற: படிவத்துல முதல் பேர், குடும்பப் பேர்னு ரெண்டு கட்டம். நம்ம ஆளுக்கு இருக்கிறது ஒரு பேரும் அப்பா பேர் எழுத்தும். இயந்திரம் அந்த எழுத்தைக் குடும்பமாக்கிடும்.

மூணாவது, க்யூஆர் கோடைச் சரிபார்க்கிறது. ஆதார்ல இருக்கிற அந்தக் கட்டத்துக்குள்ள விவரமும் போட்டோவும் ஆதார் ஆணையத்தோட மின்னணுக் கையொப்பத்தோட இருக்குது. 12 எண்ணும் முழுசா இருக்காது, கடைசி நாலுதான். அட்டையை அழகா போட்டோஷாப் பண்ணிக் கொண்டுவந்தாலும் அந்தக் கையொப்பத்தைப் பண்ண முடியாது. முதல் ரெண்டு வேலை ஓனருக்கு டைப் அடிக்கிற நேரத்தை மிச்சம் பண்ணும், அவ்வளவுதான். அட்டையில இருக்கிற விவரம் நிஜமான்னு சொல்றது மூணாவது. மூணுக்கும் ஒரே சொல்லைப் போட்டா, போட்டோ எடுத்ததுமே ‘எல்லாம் சரியா இருக்கு’ன்னு ஓனர் நம்பிடுவாங்க. அதனால சரிபார்க்கிறதுக்குத் தனிச் சொல் வேணும்.

பழுப்புத்தாள், செவ்வாய் இரவு 8.30

ஐயன்மீர், பதிவுத்துறையில் 31 ஆண்டுகள் பத்திரம் புரட்டியவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை.

1960 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் தமிழ்த் தலைப்பிலேயே குத்தகை, வாடகை இரண்டும் உண்டு. ஊரில் குத்தகை என்றால் வயலும் தோப்பும். பத்திரத்தில் வீட்டுக்கும் அதுவே. 1908 பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதியப்பட வேண்டும். அதிலிருந்து தப்பிக்கத்தான் ஊர் முழுக்க 11 மாத ஒப்பந்தம். துச்சில் என்று செம்புலம் ஐயா சொன்னது இந்த 11 மாதத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டுச் சட்டத்தில் அந்தச் சந்து அடைபட்டுவிட்டது. எத்தனை மாதமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், அதற்கு ஒரு பதிவெண் வரும்.

ஆகவே தலைப்பில் ‘பதிவு’ என்ற சொல் இருந்தால் மக்களுக்கு விளங்கும். ‘குடிப்பதிவு’ என்று வையுங்கள்.

செம்புலம், செவ்வாய் இரவு 9.02

ஒற்று மிகுமா? குடிகளைப் பதிதல் என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமைத் தொகை, மிகாது. குடிகளைப் பற்றிய பதிவு என்று விரித்தால் உருபும் பயனும் உடன்தொக்க தொகை, மிகும். எதைக் கருதினீர்கள் என்று தெளிவுபடுத்தவும்.

தறிக்காரன், செவ்வாய் இரவு 9.10

ஒற்றைப் போட்டாலும் எடுத்தாலும் படிக்கிறவன் ‘குடி’ல நின்னு சிரிப்பானுங்க. குடிப்பதிவுன்னா மதுக்கடையில கையெழுத்துப் போடற ரிஜிஸ்டரா?

பனையோலை, புதன் காலை 6.20

வணக்கம். நான் சந்தியைப் பற்றிக் கதைக்கேல்லை. ‘பதிவு’ எண்ட சொல்லைப் பற்றித்தான்.

யுத்த காலத்தில கொழும்பில அறை எடுத்து இருந்த வடக்கு கிழக்கு ஆக்களிட்டை முதல் கேட்கிற கேள்வி, “பதிஞ்சிட்டியா?” வீட்டுக்காரர் ஐசி (அடையாள அட்டை) நம்பரோட பட்டியலை பொலிஸில குடுக்கவேணும். இரவில கதவு தட்டினா அந்தத் துண்டைத்தான் காட்டுறது. 2007 ஜூனில லொட்ஜுகளில இருந்து ஆக்களை பஸ்ஸில ஏத்தி அனுப்பினவை. பிறகு உயர் நீதிமன்றம்தான் அதை நிப்பாட்டினது. அந்தத் துண்டு கையில இருந்தவையையும் ஏத்தினவை. அதனால ‘குடிப்பதிவு’ எண்டு ஒரு பொத்தானைக் கண்டா எங்கட தலைமுறைக்கு விரல் போகாது. ‘குடியேற்றம்’ எண்டும் ஒருத்தரும் சொல்லிடாதேங்கோ, அது எங்களுக்கு வேற சண்டை.

ஸ்கான் பண்ணி எண்ணை வாசிக்கிறதைப் பற்றி ஒரு சின்னத் தகவல். எங்கட ஐசி நம்பர் முதல் ஒன்பது இலக்கமும் ஒரு எழுத்துமா இருந்தது, 2016 இல இருந்து 12 இலக்கம். முதல் நாலும் பிறந்த வருசம், அடுத்த மூண்டும் வருசத்தில எத்தினையாவது நாள். பொம்பிளையள் எண்டா அதோட 500 கூட்டுவினம். அந்த ஏழு இலக்கத்தை ஒரு வீட்டுக்காரர் வாசிச்சாலே வயசும் தெரியும், ஆணோ பெண்ணோ எண்டும் தெரியும். இயந்திரம் தேவையில்லை. ‘அலகிடு’ ஐயா, அது கண்ணாலேயே நடக்குது.

பழுப்புத்தாள், புதன் காலை 10.45

நண்பர் பனையோலை சொன்னது உறைத்தது. சென்னையிலும் 2012-இல் வாடகைக்கு இருப்போர் விவரத்தைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. அப்போது என் மேல்மாடியில் இருந்த பையன்கள் மூன்று பேரும் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார்கள், முகத்தில் ஈயாடவில்லை. நான் பத்திரப் பதிவை நினைத்துச் சொன்னேன். அவர்களுக்கு அது வேறாகத்தான் இருந்திருக்கும். ‘பதிவு’ என்பதை வற்புறுத்தவில்லை.

வளவி, புதன் மதியம் 2.30

பனையோலை அண்ணா, இது எனக்குத் தோன்றவே இல்லை. ‘பதிவு’ தலைப்பிலிருந்து போய்விட்டது. சட்டப்படி பதிவெண் வாங்கும் பக்கத்தில் மட்டும் இருக்கட்டும்.

கீழ்வீட்டு அம்மாவிடம் சொல்லைக் காட்டாமல், நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். யோசிக்கவே இல்லை. “மேல் போர்ஷன்ல குடி வெச்சிருக்கேன். அடுத்த மாசம் சைடு போர்ஷன்லயும் குடி வைக்கணும்.” அப்போ ‘குடிவைப்பு’?

செம்புலம், புதன் மாலை 4.00

‘குடிதழுவல்’ என்றுதான் நான் எழுத இருந்தேன். ‘குடிதழீஇக் கோலோச்சும் மாநில மன்னன்’, குறள் 544. வரவேற்று அணைத்துக்கொள்ளும் நயம் இருக்கிறது. ஆயினும் குடிவைப்பும் நல்ல தமிழே.

தறிக்காரன், புதன் மாலை 4.12

ஓனர் குடியைத் தழுவினா ஸ்டேஷன்ல கேஸுங்க ஐயா.

பழுப்புத்தாள், புதன் மாலை 5.20

தயக்கத்தோடு சொல்கிறேன். ‘வைப்பு’ என்ற சொல்லுக்குப் பழைய பத்திரங்களில் இன்னொரு பொருளும் உண்டு. உயில் வழக்குகளில் ‘அன்னாருடைய வைப்பு’ என்று படித்தவர்களுக்குத் தெரியும். குடும்பத்தில் எல்லாரும் பார்க்கும் செயலி. அதோடு அட்வான்ஸ் பக்கத்தில் ‘வைப்புத்தொகை’ வேறு வருமல்லவா? இரண்டும் ஒரே திரையில் இடிக்கும்.

வளவி, வியாழன் காலை 8.00

இடிக்கிறது. வைப்புத்தொகையை ‘அட்வான்ஸ்’ ஆக்கிவிட்டேன். யாரும் திட்டாதீர்கள், அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் தெம்பில்லை. ஆனால் பழுப்புத்தாள் ஐயா சொன்ன அந்த இன்னொரு பொருளைப் படித்த பிறகு ‘குடிவைப்பு’ என்று தட்டச்சவே கை வரவில்லை.

மட்டுறுத்துநர், வியாழன் காலை 11.30

இழையில் 40 மடல் ஆகிவிட்டது. ‘வாடகை’யின் வேர் பற்றிய 17 மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். வளவிக்கு நாளை கெடு. ஆளுக்கு ஒரு வரியில் விருப்பத்தைச் சொல்லவும்.

தறிக்காரன், வியாழன் மதியம் 12.15

பொத்தானுக்கு ‘ஸ்கேன்’ போதும்னுதான் முதல்ல நினைச்சேன். டீக்கடைல காசு கொடுக்கிறப்ப “ஸ்கேன் பண்ணுங்க”ன்னா எல்லாருக்கும் புரியுது. ஆனா அங்க நாம கட்டத்துக்கு நேரா போனை நீட்டறோம். இங்க போனுக்கு நேரா அட்டையை நீட்டணும். ஓனரு என்ன செய்யணும்? அட்டையைக் காட்டணும். வாசிக்கிறது, சரிபார்க்கிறது எல்லாம் இயந்திரத்தோட பாடு. பொத்தான்ல மனுசன் செய்ய வேண்டியதை எழுதினாப் போதும். ‘அட்டையைக் காட்டவும்’. அடுத்த திரைல ‘க்யூஆர் சரிபார்ப்பு’. எண்ணிப் பாத்தேன், இடைவெளியோட 11.

பனையோலை, வியாழன் மாலை 6.40

காட்டவும் எண்டது நல்லம். தலைப்புக்கு ‘புதுக் குடி விவரம்’ எண்டு மட்டும் போட்டா என்ன? பதிவும் இல்லை, ஏற்றமும் இல்லை.

செம்புலம், வியாழன் இரவு 9.50

காட்டுதல் அன்றாடச் சொல், அதைக் கலைச்சொல்லாகக் கொள்ள இயலாது. இதிலிருந்து பெயர்ச்சொல் எப்படி ஆக்குவீர்கள்? கருவியை ‘காட்டி’ என்பீர்களா? நாட்காட்டி, வழிகாட்டி வரிசையில் ‘அட்டைகாட்டி’யா? உதவிப் பக்கத்தில் ‘ஸ்கேன் தோல்வி’ என்று ஒரு செய்தி இருக்குமே, அதைக் ‘காட்டல் தோல்வி’ என்பீர்களா? நாளைக்கு இன்னொரு செயலிக்கு இன்னொருவர் இதே கேள்வியோடு வருவார், நம்மிடம் கொடுக்கச் சொல் இராது. அவசரத்துக்கு வளவி எதையும் வைத்துக்கொள்ளட்டும். அலகிடு என்பதை நான் விடுவதாக இல்லை.

வளவி, வெள்ளி மாலை 6.10

அனுப்பிவிட்டேன். தலைப்பு ‘புதுக்குடி விவரம்’, பொத்தான் ‘அட்டையைக் காட்டவும்’. செம்புலம் ஐயா கேட்ட அந்தச் செய்தியில் ‘அட்டை சரியாகத் தெரியவில்லை, மறுபடி காட்டவும்’ என்று போட்டுச் சமாளித்தேன். உதவிப் பக்கத்தில் மூன்று இடத்தில் ‘ஸ்கேன்’ அப்படியே நிற்கிறது. எல்லாருக்கும் நன்றி. கீழ்வீட்டு அம்மா இந்தத் தடவை அட்டையைத் தடவவில்லை. பின்பக்கத்தைக் காட்டினார்.

செம்புலம், வெள்ளி மாலை 6.45

வாழ்த்து. குழுமத்தின் சொற்பட்டியலில் ‘ஸ்கேன்’ எதிரே அலகிடு, காட்டு இரண்டையும் சேர்த்து, ‘கருத்து வேறுபாடு உண்டு’ என்று குறிக்கவும். என் பெயரும் இருக்கட்டும்.

பனையோலை, வெள்ளி இரவு 8.15

பிள்ளை, ‘புதுக்குடி’ எண்டு சேர்த்தெழுதி அனுப்பியிருக்கிறியள். நான் சொன்ன மாதிரி இடைவெளி விடுங்கோ. சேர்த்து வாசிக்கேக்க எனக்கு யுத்தம் நடந்த புதுக்குடியிருப்பு ஊர் எண்டுதான் வருது.

வளவி, வெள்ளி இரவு 8.20

இடைவெளி விட்டு மறுபடி அனுப்பிவிட்டேன், அண்ணா.