மின்விசிறி வைத்து ஓட்டுபவருக்கு மன உறுதி இல்லையாம்: குளிர்கால வீட்டுப் பயிற்சி குறித்து ஒரு மறுப்பு

பல்சக்கரம்:
குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் கருவியில்) தினமும் ஓட்டுவதற்கான ஊக்கம் எப்படி வரும் என்று ஒருவர் கேட்டதற்கு, நண்பர் வெறுஞ்சுவர் நேற்று எழுதிய பதில் இது: "மின்விசிறியும் திரையும் பாட்டும் இல்லாமல், சுவரைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் மிதிக்க முடியாதவருக்கு மன உறுதி இல்லை. வியர்வைதான் உழைப்பின் அளவு." இதைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. திரையும் பாட்டும் அவரவர் விருப்பம், அவற்றை விட்டுவிடுவோம். மின்விசிறியை மன உறுதியோடு முடிச்சுப் போட்டதைத்தான் மறுக்கிறேன். மிதிக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய 20 முதல் 25 சதவீதம் மட்டுமே பெடலுக்குப் போகிறது, மற்றதெல்லாம் வெப்பம். 200 வாட்டில் மிதிப்பவரின் உடல் 600 முதல் 800 வாட் வரையிலான வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்று அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூடிய அறையில் அதற்கு ஆளில்லை. உடல் தன்னைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோல் பக்கம் திருப்புகிறது, ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் இரத்தம் குறைகிறது, அதனால் அதே வாட்டுக்கு இதயத்துடிப்பு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. அரை மணி நேரத்தில் எளிய பயிற்சியே உயிரை வாங்குவதாக மாறிவிடுகிறது. அப்படித் தளர்ந்து இறங்கியவர் மறுநாள் சைக்கிளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதற்கு மன உறுதியைக் குறை சொல்வது அநியாயம்.

வெறுஞ்சுவர்:
பல்சக்கரம் அவர்கள் எடுத்த பாடத்துக்கு நன்றி. வெப்பம் என்றால் என்னவென்று நானும் அறிவேன். டிரெய்னர் என்றால் இரும்புச் சட்டமும் உருளையும் மட்டும்தான் என்றிருந்த காலத்திலிருந்து நான் குளிர்காலத்தில் ஓட்டி வருகிறேன், மின்விசிறி இல்லாததால் எனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. 2016 பிப்ரவரி இறுதியில் நடந்த பந்தயம் ஒன்றில் விழுந்து கையை முறித்துக்கொண்ட தொழில்முறை சைக்கிள் வீரர் மேட் ஹேமன், மாவுக்கட்டோடு வீட்டுக்குள்ளேயே வாரக்கணக்கில் மிதித்து, ஏப்ரல் 10 அன்று பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார். அவரை வெற்றி மேடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது மின்விசிறியா, மன உறுதியா? இதற்கு நேரடியான பதில் வேண்டும்.

பல்சக்கரம்:
நேரடியாகவே சொல்கிறேன். ஹேமன் எதிரே திரை இருந்தது. ஸ்விஃப்ட் செயலி திரையில் காட்டும் மெய்நிகர் பாதைகளில்தான் அவர் அந்த வாரங்களை ஓட்டிக் கழித்தார் என்பது ஊரறிந்த செய்தி. சுவரைப் பார்த்து மிதிப்பதே ஆண்மை என்கிற தங்கள் கட்சிக்கு அவரைச் சாட்சியாக அழைத்துவந்தது யார் செய்த ஏற்பாடு? அது மட்டுமன்று, அவருக்கு ஒரு தேதி இருந்தது, அந்தத் தேதியில் ஒரு பந்தயம் இருந்தது. நம்மில் பெரும்பாலோருக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை எந்தத் தேதியும் இல்லை. அந்த வெறுமையோடு போராடுபவரின் தலைமேல் வெப்பத்தையும் சுமத்தாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மின்விசிறி பற்றிய என் மறுப்புக்கு நீங்கள் இன்னும் பதில் தரவில்லை.

இரவுப்பணி:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். முதலில் கேள்வி கேட்டவன் நான்தான். எனக்கு ஓட்டும்போது சிரமமில்லை. வேலை முடிந்து இருட்டில் வீடு திரும்பிய பிறகு உடை மாற்றி ஏறி உட்காரும் வரையிலான அந்தப் பத்து நிமிடங்கள்தான் பெரும்பாடு. நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். அதற்கு யாராவது வழி சொல்ல முடியுமா?

வாட் கணக்கர்:
இருவரும் எண்களைச் சரியாகப் பேசவில்லை என்பதால் நான் நுழைகிறேன். வீட்டுக்குள் கிடைக்கும் எஃப்.டி.பி. (ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அதிகபட்ச வாட்) அளவும் சாலையில் கிடைக்கும் அளவும் பலருக்கு ஒன்றாக இருப்பதில்லை. சாலையில் செய்த 20 நிமிடச் சோதனையின் சராசரியில் 95 சதவீதத்தை எஃப்.டி.பி.யாக எடுத்து, அதை அப்படியே உள்ளே கொண்டுவந்து தினமும் அதன்படி மிதித்தால், ஒவ்வொரு நாளும் தோற்றுத்தான் எழ வேண்டும். சோதனையை உள்ளே தனியாகச் செய்து, பெரும்பாலான நாள்களை அந்த எஃப்.டி.பி.யில் 56 முதல் 75 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்பவருக்கு ஊக்கம் பற்றிய கேள்வியே பாதி குறைந்துவிடும். போகட்டும், வெறுஞ்சுவர் அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். சென்ற குளிர்காலத்திலும் இதே மன உறுதி முழக்கத்தோடு தொடங்கி, ஒரு நாளும் தவறாமல் எழுதுவேன் என்று அறிவித்து, ஜனவரி நடுவில் காணாமல் போனவர் தாங்கள்தான்.

வெறுஞ்சுவர்:
காணாமல் போகவில்லை, எழுதுவதை நிறுத்தினேன், ஓட்டுவதை நிறுத்தவில்லை. அன்று என் பதிவுகளின் கீழே வந்து என் எண்கள் பொய் என்று குற்றம் சாட்டியவர் யார் என்பதை வாட் கணக்கர் வசதியாக மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. இரவுப்பணி அவர்களுக்கு என் பதில் சுருக்கமானது: ஒரு நாள்கூட விடாதீர்கள். ஒரு நாள் விட்டால் இரண்டாம் நாளும் விடுவீர்கள். மின்விசிறி இருக்கிறதா, திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்தான் அந்த ஒரு நாளை விடுவார்.

பல்சக்கரம்:
ஒரு நாள் விட்டால் எல்லாம் போயிற்று என்பதும் வெறும் மிரட்டல்தான். பழக்கம் எப்படி உருவாகிறது என்று லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு செயல் தன்னியல்பாக மாறுவதற்கு நடுவண் மதிப்பாக 66 நாள்கள் ஆயின; ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது; இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அதே ஆய்வில், நாள்தோறும் ஒரே சூழலில், ஒரே செயலைத் தொடர்ந்து செய்வதைத்தான் பழக்கத்தின் அடித்தளமாகக் கொண்டார்கள். ஆகவே இரவுப்பணி அவர்களே, உடையையும் காலணியையும் தண்ணீர்ப் புட்டியையும் காலையிலேயே சைக்கிள் மேல் வைத்துவிட்டுப் போங்கள்; கதவைத் திறந்ததும் நாற்காலிக்குப் போகாமல் நேரே அங்கே போங்கள்; பத்து நிமிடம் மிதித்த பிறகும் மனம் ஒப்பவில்லையென்றால் இறங்கிவிடலாம் என்று உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்கள் இறங்காமல் இருக்க வேண்டுமானால், மின்விசிறியை முதலிலேயே ஓட விடுங்கள்.

வெறுஞ்சுவர்:
எங்கே தொடங்கினாலும் மின்விசிறியில் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் தண்ணீர் குடிப்பது, பழம் தின்பது, சிறிது நேரம் நடப்பது போன்றவற்றைத் தேர்ந்தெடுத்தவர்கள். ஒரு குவளைத் தண்ணீரும் ஒரு மணி நேர டிரெய்னரும் ஒன்றா? மேலும், வெப்பத்தில் பயிற்சி செய்தால் ஒன்றிரண்டு வாரங்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு கூடுகிறது, வியர்வை விரைவாகவே தொடங்குகிறது. இதற்காகவே தொழில்முறை வீரர்கள் அறையைச் சூடாக்கி மிதிக்கிறார்கள். நான் செலவில்லாமல் செய்வதை அவர்கள் திட்டமிட்டுச் செய்கிறார்கள். என் சைக்கிளுக்கு அடியில் தினமும் தேங்கும் வியர்வைக் குட்டையை நான் பெருமையாகவே நினைக்கிறேன்.

பல்சக்கரம்:
அந்தக் குட்டையைப் பற்றியே பேசுவோம், நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். தோலிலிருந்து ஆவியாகும் வியர்வைதான் உடலைக் குளிர்விக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். தரையில் சொட்டியது எதையும் கொண்டுபோவதில்லை. உங்கள் அடியில் இருக்கும் குட்டை, வீணாகப் போன வியர்வையின் கணக்கு. அது சொட்டும் இடத்தையும் கொஞ்சம் பாருங்கள். ஒரு நண்பரின் சைக்கிளில் சென்ற வசந்தத்தில் ஹேண்டில்பார் டேப்பைப் பிரித்தபோது நான் அருகில் இருந்தேன். டேப்பின் உட்புறம் உப்பு பூத்து விறைத்திருந்தது. அதன் கீழே அலுமினியக் குழாயில் வெள்ளைப் பொடி படிந்து, விரல் நகத்தால் கீறினால் குழிகள் தட்டுப்பட்டன. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டுகளின் தலைகள் துருவேறி, ஆலன் சாவி பிடிக்காமல் வழுக்கியது. சாலையில் அதே சைக்கிளில் இறக்கத்தில் போவதை நினைத்துப் பாருங்கள். வெப்பத்துக்குப் பழகுவதைப் பொறுத்தவரை, தொழில்முறையாளர்கள் அதைச் சில வாரங்களுக்கு மட்டும், வாட்டைக் குறைத்து, உடல் வெப்பத்தையும் எடையையும் அளந்து செய்கிறார்கள். நான்கு மாதம் தினமும் மூடிய அறையில் வெந்துகொண்டிருப்பதை அவர்கள் யாரும் திட்டம் என்று அழைப்பதில்லை.

வாட் கணக்கர்:
பல்சக்கரம் எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டுகிறார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். வாட்டை முன்கூட்டியே குறித்துவிடும் எர்க் முறையில் டிரெய்னர் அந்த வாட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளும். களைப்பில் மிதிவேகம் குறைந்தால் அது தடையைக் கூட்டும், கூட்டியதால் மிதிவேகம் மேலும் குறையும், கடைசியில் பெடல் சேற்றில் சிக்கியதைப் போல நின்றுவிடும். நாள்தோறும் இப்படி நடந்தால் எத்தனை மின்விசிறி வைத்தும் பயனில்லை. அதோடு, சாலையில் நாம் அறியாமலே பெடலை நிறுத்தி ஓய்வெடுக்கிறோம், எழுந்து நின்று இருக்கையின் அழுத்தத்தைத் தளர்த்துகிறோம். உள்ளே அதை வேண்டுமென்றே செய்ய வேண்டும். பல்சக்கரம் இவை எதையும் சொல்லவில்லை.

பல்சக்கரம்:
சொல்லாததற்குக் காரணம், விவாதம் மின்விசிறி பற்றியது. எர்க் முறையில் மிதிவேகம் குறைவதற்குப் பல வேளைகளில் காரணமே உடல் சூடாவதுதான். நீங்கள் என் கருத்துக்கே வலு சேர்க்கிறீர்கள்.

வாட் கணக்கர்:
வலு சேர்க்கவில்லை. என் எழுத்தை உங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும் பழக்கத்தைச் சென்ற ஆண்டும் கண்டித்திருக்கிறேன்.

இரவுப்பணி:
உடையைக் காலையிலேயே எடுத்து வைக்கும் யோசனைக்கு நன்றி. ஆனால் வீட்டில் குழந்தை உறங்கும் நேரத்தில்தான் நான் ஓட்ட முடியும். டிரெய்னரின் இரைச்சலோடு மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்தால் என்ன செய்வது?

வெறுஞ்சுவர்:
பார்த்தீர்களா, மின்விசிறி இல்லாமல் ஓட்ட வேண்டிய நிலை ஒருவருக்கு வந்தே விட்டது. நான் சொன்னதைச் செய்யுங்கள், இரவுப்பணி. சுவரைப் பார்த்து ஏறுங்கள். பத்து நாளில் பழகிவிடும்.

பல்சக்கரம்:
பழகாது. இரவுப்பணி அவர்களே, மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் முகத்துக்கும் மார்புக்கும் நேராக அருகில் வையுங்கள், ஜன்னலைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விடுங்கள், டிரெய்னருக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போடுங்கள், வாட்டைக் குறையுங்கள். வெறுஞ்சுவர் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: ஒரு நாள் மின்விசிறியோடும் ஒரு நாள் இல்லாமலும், ஒரே வாட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, முதல் பத்து நிமிடத்தின் இதயத்துடிப்பையும் கடைசிப் பத்து நிமிடத்தின் இதயத்துடிப்பையும் இங்கே எழுதுங்கள். அதை எழுதும் வரை மன உறுதி பற்றித் தாங்கள் யாருக்கும் அறிவுரை சொல்வதை நான் ஏற்கப் போவதில்லை.

வெறுஞ்சுவர்:
இதயத்துடிப்புப் பட்டையை நான் அணிவதில்லை. அதுவும் மின்விசிறியைப் போன்றதுதான்.