மிலிட்டரி வந்தால் உருப்படுமா?

"மிலிட்டரி ஆட்சி வந்தாத்தாம்ல நாடு உருப்படும்." பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் இதை யாராவது சொல்லாத நாள் குறைவு. போன மாதம் ஒரு தம்பி சொன்னபோது, பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "நான் அதுக்குள்ள இருந்து வந்தவம்டே" என்றார்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் பர்மாவைப் பிடித்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன். அப்பாவுக்கு ரங்கூன் மொகல் தெருவில் சின்ன ஜவுளிக்கடை. 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. வந்தவர்கள் ஒவ்வொரு துணிக்கட்டாக எண்ணி எழுதினார்களாம். அப்பாவையே கையெழுத்துப் போடச் சொல்லி, சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த மே மாதமே 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. "கடை போனாலும் கையில ரொக்கம் இருக்குன்னு நெனச்சோம். அதுவும் போச்சு." கப்பலேறும்போது அம்மாவின் வளையலும் போனது.

தம்பி விடவில்லை. "நம்ம ஆளுகளத்தான வெரட்டுனாவ? அவுக சனத்துக்கு நல்லது செஞ்சிருப்பாவல்லா, தாத்தா?"

நியாயமான கேள்விதான். பெரியவர் 1987க்குத் தாவினார். அந்த வருஷம் 25, 35, 75 கியாட் நோட்டுகளை ஈடு எதுவும் தராமல் செல்லாததாக்கியது அதே ஆட்சி. இந்த முறை தெருவுக்கு வந்தது பர்மியர்களின் சேமிப்பு. மறுவருஷம் மாணவர்கள் கிளம்பியதும் துப்பாக்கிச் சூடு.

எனக்குப் புதிதாக இருந்தது அவர் சொன்ன இன்னொரு விஷயம். 1947இல் பாங்லாங் என்ற ஊரில், ஷான், கச்சின், சின் என்ற மலைவாழ் இனங்களின் தலைவர்களோடு பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சான் ஒப்பந்தம் போட்டார். மலைப்பகுதிகளுக்கு உள்நிர்வாகத்தில் தன்னாட்சி என்று பேச்சு. அதே வருஷம் அவரைக் கொன்றுவிட்டார்கள். பிறகு மாநிலங்கள் கூட்டாட்சி கேட்டபோது, நாடு உடைந்துவிடும் என்று காரணம் சொல்லித்தான் நே வின் உள்ளே வந்தார்.

அவர் மகள் ஆங் சான் சூகியைப் பற்றிக் கேட்டேன். மரியாதை உண்டு, கோபமும் உண்டு. 2019இல் ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில், ரோஹிங்கியா முஸ்லிம்களை இனப்படுகொலை செய்ததாகப் போடப்பட்ட வழக்கில் தன் நாட்டு ராணுவத்துக்காக வாதாடினாரே, அந்தக் கோபம். "ரெண்டு வருஷங்கூட ஆகல. 2021 பிப்ரவரியில அவனுவளே அந்தம்மாவப் புடிச்சு உள்ள வச்சுட்டானுவ." அதற்கப்புறம் நகரத்துப் பர்மியப் பிள்ளைகள் சிறுபான்மை கரேன் இனத்தவரின் காட்டுக்குப் போய் அவர்களிடமே ஆயுதப் பயிற்சி எடுத்ததைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஓர் உற்சாகம். இத்தனை ஆயுதக் குழுக்களும் நாளைக்கு ஒரே மேசையில் உட்காருமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான். அவரும் அடித்துச் சொல்லவில்லை. "உக்காரணும்டே. அன்னைக்கு உக்காந்தவங்கதானே" என்றார்.